ஓடை லயத்துக்கு மட்டும் சொல்லவில்லை

விதுரா பஸ் ஸ்டாண்டிலேயே டீ குடித்துவிடுவது நல்லது. அதற்கு மேலே பொன்முடி ரோட்டில் கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலைதான், ஆனால் வாயில் வைக்கும்படியான ஒரு டீ கிடைக்காது. ஒரு வருடமாக அந்த வழியில் போய்வந்தவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் ஜீப்பும் இனி அடிக்கடி அந்தப் பக்கம் போகவேண்டியிருக்கும், டிஒய்எஸ்பி ஸ்மிதா மேடம். தெரிந்துவைத்துக்கொண்டால் உதவும்.

இந்த வாக்குமூலத்தை மலையாளத்திலேயே எழுதித் தரலாமே என்று கேட்டீர்கள். தரலாம்தான். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்தில் குடியேறிப் பல தலைமுறை ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு மலையாளம், சம்பளத்துக்கு ஆங்கிலம் என்று பழகிவிட்டோம். ஆனாலும் யோசிப்பதற்கு எனக்குத் தமிழ்தான். மொழிபெயர்ப்புச் செலவை உங்கள் துறை பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். "சுருக்கமாக எழுதுங்கள்" என்றும் சொன்னீர்கள். வாத்தியாரிடம் போய் இதைக் கேட்கிறீர்களே என்று சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

என் பெயர் சேஷன். அரசியல் அறிவியல் துறையில் எம்.ஏ. மாணவர்களுக்கு ஆய்வு முறைகள் என்ற பாடத்தை நடத்துகிறேன். யாருக்குமே பிடிக்காத பாடம் அது. அரசியல் வேண்டும் என்று வந்து சேர்கிற பிள்ளைகளிடம் மாறி, மாதிரி, கருதுகோள் என்று ஆரம்பித்தால் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். இந்த ஊரில் அரசியல் தெரியாதவர் யார்? தம்பானூரில் ஏறினால் கிழக்கேகோட்டை போய்ச் சேர்வதற்குள் ஆட்டோக்காரர் அடுத்த மந்திரிசபையை அமைத்துவிடுவார். என் மாணவர்களும் அதே ரகம். முடிவு முதலிலேயே கைவசம் இருக்கும். ஒரு கேள்வித்தாளை வாட்ஸாப்பில் நண்பர்களுக்கு அனுப்புவார்கள். நண்பர்கள் நட்புக்கு மரியாதையாக ஆமாம் போடுவார்கள். உடனே, 'கேரள சமூகம் கருதுகிறது' என்று ஆய்வேடு பிறந்துவிடும். நான் அதைத் திருப்பிக் கொடுப்பேன். அதனால் எனக்குக் கெடுபிடி சேஷன் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நான் சொல்லிக்கொடுப்பது மிக எளிய விஷயம். இரண்டு காரியங்கள் சேர்ந்து நடப்பதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் சிலருக்கு அதைக் கொடுக்க வேண்டும், சிலருக்குக் கொடுக்காமல் இருக்க வேண்டும். கொடுக்காத கூட்டத்துக்குக் கண்ட்ரோல் குழு என்று பெயர். யாருக்குக் கொடுப்பது என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது, சீட்டு தீர்மானிக்க வேண்டும். கொடுக்காத கூட்டத்துக்கு மருந்து எந்த வழியிலும் கசிந்துவிடக் கூடாது. கசிந்தால் ஆய்வு நாசம். முறைகளைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட தடித்தடிப் புத்தகங்களின் சாரம் அவ்வளவுதான்.

இவ்வளவு தெரிந்த நான் எழுதிய கட்டுரைகளை வெளிநாட்டுப் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. 'சுவாரசியமான களத் தகவல்கள். ஆனால் காரணம் நிறுவப்படவில்லை' என்று ஒரே குறிப்பு. நான் மாணவர்களுக்கு எழுதுகிற அதே வாக்கியம். எனக்கு அவமானமாக இருந்தது, மேடம். அதை மறைக்க விரும்பவில்லை. என்னைவிட இளையவர்கள் எல்லாம் புரொபசர் ஆகி, காரில் இறங்கி, "சேஷன் சாரே, சுகமல்லே?" என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஷிஜா என்னிடம் பிஎச்.டி.க்கு வந்தாள். பொன்முடிப் பக்கம் ஒரு மூடிக்கிடக்கும் எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா இல்லை. அம்மா பார்வதியம்மாள் கொழுந்து பறித்து வளர்த்திருக்கிறார். கம்பெனி கைவிட்டுப் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் ஒன்று. வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். பயம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும், மலையாளம்தான் வரும். கெட்டிக்காரி. என் வகுப்பில் நான் சொன்னதை அப்படியே நம்பிய ஒரே மாணவி.

கேள்வியை அவள்தான் கொண்டுவந்தாள். மழைக்காலத்தில் மலை இடியும் என்று எச்சரிக்கை வந்தால் எஸ்டேட் ஜனங்கள் யார் சொன்னால் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள், சர்க்கார் சொன்னாலா, யூனியன் சொன்னாலா? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரசின்மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையை வாயால் கேட்டால் பொய் சொல்வார்கள். மழையில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறார்களா என்று பார்த்தால் பொய் சொல்ல முடியாது. காரணத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

களமும் எங்களுக்காகவே செய்ததுபோல இருந்தது. அந்த எஸ்டேட்டில் மூன்று லயங்கள். லயம் என்றால், உங்களுக்குத் தெரியும், ஒரே கூரைக்கு அடியில் ஒட்டி ஒட்டிக் கட்டிய கூலி வீடுகள். மேல் லயம், பள்ளிக்கூட லயம், ஓடை லயம். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாது, நடுவில் குன்றும் தேயிலையும் மறைக்கும். மழை வந்தால் முதலில் கரண்ட் போகும், பிறகு டவர் போகும். டிவியில் சிவப்பு எச்சரிக்கை ஓடுவதைத் திருவனந்தபுரத்தில் இருக்கும் நாம்தான் பார்ப்போம். எனவே ஒரு லயத்துக்கு வில்லேஜ் ஆபீசர் குரலில் எச்சரிக்கை, இன்னொரு லயத்துக்கு அதே வாசகம் யூனியன் தலைவர் குரலில், மூன்றாவது லயத்துக்கு ஒன்றும் கிடையாது. எச்சரிக்கை போகிற இரண்டு லயத்திலும் தூரத்து டவரையும் பிடிக்கிற ஆன்டெனா வைத்த போன் ஒன்றை ஒரு வீட்டில் கொடுத்தோம். தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியறையைத் திட்ட அலுவலகமாக எடுத்தோம்.

இதற்குத் துறையின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது. குழு என்றால் நான்கு பேர், ஒரு தட்டு உளுந்துவடை. மூன்று பேர் வடையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். ராஜஸ்ரீ டீச்சர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மூணாமத்த லயத்துக்கு என்ன கிடைக்கும் சேஷன்?"

"இதுவரை என்ன கிடைச்சுதோ அதுவே கிடைக்கும். நாம ஒண்ணும் எடுத்துடப் போறதில்லையே" என்றேன்.

அவருக்குத் திருப்தி. இதுவரை அங்கே கிடைத்துவந்தது என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது ஆய்வாளரின் வேலை இல்லை.

சீட்டை ஷிஜாதான் எடுத்தாள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் மூன்று சீட்டுகளைப் போட்டு நீட்டினேன். வெறும் சீட்டு ஓடை லயத்துக்கு விழுந்தது. அவள் அம்மா இருக்கிற லயம்.

"சாரே, இது எங்க லயமாக்கும்" என்றாள்.

"தெரியும்."

"இன்னொரு தடவ எடுத்தாலோ?"

"இன்னொரு தடவை எடுத்தா அதுக்குச் சீட்டுன்னு பேர் இல்லை ஷிஜா, சிபாரிசுன்னு பேர்."

அவள் சீட்டை நான்காக மடித்தாள். பிறகு, "சைரன் உண்டல்லோ. அப்ப குழப்பமில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பதிவு செய்தாள். எனக்கு அவள்மேல் மதிப்புக் கூடியது. சொந்த அம்மாவைக் கண்ட்ரோல் குழுவில் வைத்துவிட்டுக் கணினியைப் பார்க்கிற மாணவி எத்தனை பேருக்கு வாய்ப்பாள்?

அந்தச் சைரனைப் பற்றி இப்போது சொல்லிவிட வேண்டும். மூடிய ஃபேக்டரியின் வாசலில் கையால் சுற்றுகிற பழைய சைரன் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் தொழிலாளர்களை வேலைக்குக் கூப்பிடுவதற்காக வைத்தது. ஃபேக்டரிக்குக் காவல் இருக்கும் பிச்சைக்கனி, தென்காசிப் பக்கத்துக்காரர், பயந்த ஆள், வானம் கறுத்தாலே அதைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். சத்தம் கேட்டதும் மூன்று லயத்து ஜனங்களும் பிள்ளைகுட்டிகளோடு ஏறிவந்து, இலை வாட்டுகிற மாடியில் படுத்துக்கொள்வார்கள். காலையில் ஒன்றும் ஆகியிருக்காது. அவரைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போவார்கள். அடுத்த தடவையும் ஏறிவருவார்கள்.

மே மாதத்துக் கோடை மழையில் நாங்கள் ஒத்திகை பார்த்தோம். இரண்டு லயத்துக்கும் குரல் போனது. அதற்குள் பிச்சைக்கனி சைரனைச் சுற்றிவிட்டார். மூன்று லயமும் காலி. சர்க்கார் குரல், யூனியன் குரல், குரலே இல்லாமை, மூன்றுக்கும் ஒரே விளைவு. வேறுபாடு இல்லையென்றால் கண்டுபிடிப்பு இல்லை, மேடம். ஒரு வருட உழைப்பு ஒரு கிழட்டு இரும்பின் ஊளையில் போனது. எனக்கு அழுகை வராத குறைதான்.

அடுத்த வாரம் ஷிஜாவுக்குச் சொல்லாமல் நான் தனியாகப் போனேன். சைரனின் கைப்பிடி துருப்பிடித்திருக்கிறது, பழுது பார்த்துத் தருகிறேன் என்று பிச்சைக்கனியிடம் கேட்டேன். அவர் உங்களிடம் சொல்லியிருப்பது எல்லாம் சரிதான். அவரைப் பொய்யர் ஆக்குகிற உத்தேசம் எனக்கு இல்லை.

"இத நீங்க கொண்டு போயிட்டா, மழ வந்தா நான் எதச் சுத்த?" என்றார்.

"இனிமே சுத்த வேண்டாம் அண்ணாச்சி. போன்ல சொல்லிடுவோம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"அப்ப சரி சார். எனக்கும் தோள்பட்ட வலிக்கி" என்று அவரே கழற்றிக் கொடுத்தார். காரில் வைத்துத் தம்பானூருக்குக் கொண்டுவந்தேன். திரும்பும்போது ஓடை லயத்தில் நிறுத்தினேன். பார்வதியம்மாள் மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலோடு கொடுத்தார். நன்றாக இருந்தது. "எம்பிள்ள டாக்டர் ஆயிருவாளா சார்?" என்று கேட்டார். நிச்சயம் ஆவாள் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

இதைச் சதி என்று உங்கள் எஸ்.ஐ. சொல்கிறார். அவருக்கு ஆய்வு வடிவமைப்பு தெரியாது. நான் யாரையும் கொல்லத் திட்டமிடவில்லை, சத்தத்தை நீக்கினேன், அவ்வளவுதான். மேலும் பிச்சைக்கனி பத்துத் தடவை சுற்றினால் பத்துத் தடவையும் வீண். மலை இடியும் என்று நினைக்க எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. எச்சரிக்கை பொய்யாகத்தான் போகும், ஜனங்கள் நனைவார்கள், எனக்குப் புள்ளிவிவரம் கிடைக்கும். என் கணக்கு அதுதான்.

ஜூலையில் அந்த நாள் வந்தது. மத்தியானத்திலிருந்து மலைப்பகுதிக்குச் சிவப்பு எச்சரிக்கை. தம்பானூரில் ரோட்டுத் தண்ணீர் ஆட்டோக்களின் சீட்டுவரை வந்துவிட்டது. மாடியறையில் நானும் ஷிஜாவும்தான். அவள் போன் பக்கம், நான் எம்.ஏ. விடைத்தாள்களின் பக்கம். ஆய்வு முறைகள் பேப்பர்தான். கண்ட்ரோல் குழு என்றால் கட்டுக்கடங்காத மாணவர்களைக் கட்டுப்படுத்தும் குழு என்று ஒரு மேதை எழுதியிருந்தான். மேல் லயத்துக்கு வில்லேஜ் ஆபீசர் குரல் போனது. பள்ளிக்கூட லயத்துக்கு யூனியன் தலைவர் குரல் போனது. இரண்டு இடத்திலும் போனை வைத்திருந்தவர்கள், யார் யார் கிளம்பினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷிஜா பதிந்துகொண்டிருந்தாள். பிறகு பதிவதை நிறுத்திவிட்டாள்.

"சாரே, ஓடை லயத்துக்கும் ஒரு ஆளவிட்டுச் சொல்லட்டா? ஒரேயொரு வார்த்த."

"எதுக்கு? பிச்சைக்கனி சைரன் சுத்துவாரே."

"உறப்பாணோ சாரே?"

நிச்சயம்தானா என்று மலையாளத்தில் கேட்டாள். அப்போதே அவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"உறப்பு. நம்ம கணக்கு முடிஞ்சதும் சுத்தச் சொல்லி, நான் காலையிலேயே அவர்கிட்ட பேசிட்டேன்" என்றேன். காலையில் நான் யாரிடமும் பேசவில்லை. கைப்பிடி, அவள் முதுகு சாய்ந்திருந்த ஸ்டீல் அலமாரிக்குள் இருந்தது. அங்கேதான் நீங்களும் அதை எடுத்தீர்கள். ஏன் தூக்கி எறியவில்லை என்று கேட்டீர்கள். ஆய்வுக்குப் பயன்பட்ட பொருளை எறியக் கூடாது, மேடம். பின்னால் யாராவது சரிபார்க்க வேண்டியிருக்கும்.

சாயங்காலம் ஷிஜாவின் சொந்த போன் அடித்தது. அவள் அம்மா. லயத்துக்கு மேலே ரோட்டு வளைவில் ஒரு பலாமரத்தடியில் மட்டும் எப்போதாவது ரேஞ்ச் கிடைக்கும். அந்த மழையில் அவ்வளவு தூரம் ஏறிவந்து கூப்பிட்டிருக்கிறார். இரைச்சலில் கேட்கவில்லை என்று ஷிஜா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏ பிள்ள, ஓடையில தண்ணி செவப்பா வருது. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஃபேக்டரிக்கு ஏறிரட்டா? நீ என்ன சொல்லுத?"

ஷிஜா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சுகிற பார்வை. நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமல், "சைரன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் முகம் தெளிந்தது. "அம்மா, பேடிக்கண்டா, பயப்படாத. சைரன் அடிக்கும். சார் பிச்சைக்கனி மாமாகிட்ட சொல்லியிருக்கு. சைரன் கேட்டா எல்லாரும் ஏறுங்க. இப்ப பாதை வழுக்கும், இருட்டாகப் போவுது, பிள்ளைங்க விழுந்திரும். சத்தம் கேக்கற வரைக்கும் வீட்டுல இருங்க, கேட்டியா?"

"சரி மக்களே. நீ சொன்னா சரிதான். நீ நேரத்துக்குச் சாப்பிடு."

அந்த அழைப்பால் எனக்குக் கொஞ்சம் கலக்கம்தான். கண்ட்ரோல் குழுவுக்குத் தகவல் கசிந்துவிட்டதே என்று நினைத்தேன். பிறகு யோசித்தபோது கசிவு தானாகவே அடைபட்டுவிட்டது தெரிந்தது. அவர்கள் கிளம்பவில்லை, குழு குழுவாகவே இருந்தது. நான் விட்ட இடத்திலிருந்து விடைத்தாளைத் திருத்த ஆரம்பித்தேன்.

மிச்சம் உங்கள் கோப்பில் இருக்கிறது. ஏறிவந்த மற்ற லயத்துக்காரர்கள், "ஓடைக்காரங்க எங்க?" என்று கேட்டார்களாம். அவர்களுக்கும் போன் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த பிச்சைக்கனி அப்போதுதான் பதறிப்போய், ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுச் சம்மட்டியால் அடித்தாராம். மழையில் அது எங்கே கேட்கும்? இறங்கி ஓடிப் பார்த்திருக்கிறார். பாதை இல்லை. பாதை போய்ச் சேர்கிற இடமும் இல்லை. மலை இடிந்த செய்தி வந்ததும் ஷிஜா குடைகூட எடுக்காமல் விதுரா பஸ்ஸுக்கு ஓடினாள். குடையை எடுத்துக்கொண்டு போ என்று மாடியிலிருந்து கூப்பிட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வீட்டுக்குப் போனேன். "மழையாச்சேன்னு அடை வார்த்திருக்கேன், சூடா சாப்பிடுங்கோ" என்றாள் என் மனைவி ஜெயலக்ஷ்மி. சாப்பிட்டேன், பசித்தது. அவள் டிவியைப் பார்த்து, "ஐயோ, நம்ம ஷிஜாவோட ஊர்ப் பக்கமாச்சே" என்று அழுதாள். அவளுக்கு இளகிய மனது. ஆய்வுக்கு லாயக்கில்லை.

என் முடிவுகளைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை, மேடம். இந்த வழக்கில் எனக்கு ஆச்சரியமாக இருப்பது அதுதான். சர்க்கார் குரலுக்குப் பாதிப் பேர்தான் கிளம்பினார்கள். யூனியன் குரலுக்கு முக்கால்வாசி. காரணம் நிறுவப்பட்டுவிட்டது. லாக்கப்பில் காகிதம் கொடுத்தால் கட்டுரையை இரண்டு நாளில் முடித்துவிடுவேன்.

ஓடை லயத்தைப் பற்றித்தான் நிறைய யோசித்தேன். இங்கே யோசிக்க நேரம் இருக்கிறது. பார்வதியம்மாள் பலாமரத்தடியிலிருந்து இறங்கிப்போய் வீடு வீடாக, "எம்பிள்ள சொல்லியிருக்கா, சைரன் அடிக்கும், அதுவரைக்கும் இருங்க" என்று சொன்னதாகவும், மூட்டை கட்டியவர்கள்கூட அவிழ்த்துவிட்டு உட்கார்ந்ததாகவும், பிழைத்த ஒருவர் சொன்னார் என்று நீங்கள்தான் என்னிடம் வாசித்துக் காட்டினீர்கள். அப்படியென்றால் அவர்களைக் கண்ட்ரோல் குழு என்று இனி நான் எழுத முடியாது. அவர்களுக்கும் ஒரு குரல் போயிருக்கிறது. தங்கள் லயத்திலிருந்து படிக்கப் போன பெண்ணின் குரல். சர்க்கார் சொன்னதைப் பாதிப் பேர் கேட்டார்கள், யூனியன் சொன்னதை முக்கால்வாசிப் பேர் கேட்டார்கள், அவள் சொன்னதை ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள்.

குற்றப்பத்திரிகை எழுதும்போது இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கைப்பிடியை எடுத்தது நான். காலையில் பேசினேன் என்று பொய் சொன்னதும் நான். இரண்டையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஓடை லயத்தில் ஒருவரையும் வீட்டிலேயே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னது ஷிஜா. அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அனுபவம் இல்லாத பெண், கள ஆய்வில் உணர்ச்சிவசப்பட்டுக் குறுக்கே பேசிவிட்டாள். அவள் என்னைப் பார்க்க வர மறுக்கிறாளாம். உங்களால் முடிந்தால் ஒரு காரியம் செய்யுங்கள், மேடம். நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.